இன்கியுபேற்றரைச் சுற்றி ஒரு சோக்குக் கோடு

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் தர்சினி மாதம் ஒருமுறையாவது தொலைபேசி எடுப்பாள். போன கிழமை எடுத்தபோது ஒரு கேள்வி கேட்டாள். ஆய்வுகூடத்துப் பதிவுப் புத்தகத்தில் வெப்பநிலை, காபனீரொட்சைட்டு வாயு அளவு, மீடியா மாற்றிய நேரம் என்று வழக்கமான நிரல்கள் எல்லாம் இருக்கின்றன. கடைசியில் ‘இன்று வேறு என்ன செய்தேன்’ என்று ஒரு நிரல் இருக்கிறதே, அதை யார் போட்டது என்றாள். பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதைக் கண்டு சிரித்தாராம். சிரிக்கட்டும். அந்த நிரல் வந்ததற்குக் காரணம் நான்தான். சொல்லத் தொடங்கினேன், தொலைபேசியில் காசு முடிந்துவிட்டது. அவளுக்கு எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா பருத்தித்துறையில் கடற்றொழில் செய்தவர். நான் நெல்லியடியில் உயர்தரம் படித்தேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். சண்டை, இடப்பெயர்வு, திரும்பி வந்தது என்று நடுவில் எவ்வளவோ நடந்தன. அவற்றை எழுதப்போனால் இது முடியாது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இருபது வருடம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் கிறேஸ் டொக்ரர் வந்தார், மூளைக்கலங்கள் வந்தன, என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

மூளைக்கலம், மூளையின் உயிரணு, என்றதும் பயப்பட வேண்டாம். ஊரில் எல்லாரும் பயந்தார்கள். பக்கத்து வீட்டு மலர் அக்கா, போத்தலுக்குள் மனிதர் மூளையை வளர்க்கிறோமாமே, அது யோசிக்குமா என்று மதிலுக்கு மேலால் கேட்டார். யோசித்தால் முதலில் அது எனக்கு ஒரு நாள் லீவு தந்திருக்கும் என்றேன். உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ஒருவரின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்போம். அது கடல் கடந்து ஒரு பெரிய ஆய்வுகூடத்துக்குப் போகும். அங்கே அந்த இரத்தக் கலங்களைப் பின்னோக்கித் திருப்பி, எதுவாகவும் வளரக்கூடிய குருத்துக் கலங்களாக்கி, உறைய வைத்து அனுப்புவார்கள். நாங்கள் அவற்றை உருக்கி, மூன்று மாதம் ஊட்டி வளர்த்து, நரம்புக் கலங்களாக்குவோம். பிறகு நஞ்சு ஏதும் பட்டால் அவை என்ன பாடுபடுகின்றன என்று பார்ப்போம். உயிரோடிருக்கும் மனிதரின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாதல்லவா? அவருடைய கலத்தையே தட்டில் வளர்த்துப் பார்க்கிறோம்.

கிறேஸ் டொக்ரர் மானிப்பாய்ப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்களின் பரம்பரையில் வந்தவர். மெலிந்த உருவம், வெள்ளைச் சேலை, பென்சிலைத் தவிர வேறெதனாலும் எழுதமாட்டார். வேலை பழக்கும்போது விளக்கம் அதிகம் சொல்லமாட்டார். அருகில் நின்று செய்துகாட்டுவார், அவ்வளவுதான். நரம்புக் கலங்கள் சோம்பேறிகள் இல்லை, கோபக்காரர். பழைய மீடியாவை, அவற்றுக்கு ஊட்டும் சத்துநீரை, முழுவதும் உறிஞ்சி எடுத்தால் செத்துவிடும். பாதியை எடுத்துப் பாதியை விடவேண்டும். புதிதாக ஊற்றுவதையும் தட்டின் சுவரில் சாய்த்து, துளித்துளியாக விடவேண்டும். அவசரப்பட்டால் மூன்று மாதம் வளர்ந்த இழைகள் தரையை விட்டுப் பாய்போல் சுருண்டு எழும்பிவிடும்.

அந்த வேகத்தை அவர் கடிகாரம் பார்த்துப் பிடிக்கவில்லை. வாய்க்குள் ஒரு கீர்த்தனையின் ஒரு சரணத்தை முணுமுணுப்பார். சரணம் முடியும்போது ஒரு கிணறு நிரம்பியிருக்கும். எங்கள் தட்டில் சிறுசிறு குழிகள் உண்டு, அவற்றைத்தான் கிணறு என்கிறோம். இருபத்துநான்கு கிணறு, இருபத்துநான்கு தடவை அதே சரணம். எனக்கு அவருடைய பாட்டு வரவில்லை. நான் ஒரு தேவாரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், என்னுடையது தன்னுடையதைவிட அரை நிமிடம் நீளம், அதுதான் கலங்களுக்கு நல்லது என்றார். அவர் வாயால் நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். முணுமுணுப்பு நின்றுவிடும். முணுமுணுப்பு நின்றால் நாங்கள் எல்லாரும் கையில் இருப்பதை வைத்துவிடுவோம்.

கந்தையா அண்ணை எங்களிடம் வந்தது நரம்பு வைத்தியரின் கடிதத்தோடு. புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர், வெங்காயமும் மிளகாயும். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நடுக்குவாதம். வலக்கை நடுங்கும், அதை இடக்கையால் பிடித்து மடியில் வைத்திருப்பார். தலையும் மெல்ல ஆடும். பதினாறு வயதிலிருந்து முதுகில் தெளிப்புத் தாங்கி கட்டி மருந்தடித்தவர். எங்கள் ஊரில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிக்கு மருந்து என்றுதான் பெயர். முகத்துக்கு ஒரு துவாய்த் துண்டு கட்டுவதோடு பாதுகாப்பு முடிந்துவிடும். மகன் சுதனும் கூட வந்திருந்தான். முப்பது வயது, தகப்பனின் தோட்டத்தை இப்போது அவன்தான் பார்க்கிறான்.

கையெழுத்து வாங்கும்போது டொக்ரர் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். இது சிகிச்சை இல்லை, இதனால் அவருடைய நடுக்க வருத்தம் மாறாது, இரத்தம் தராமலே போகலாம் என்றார். கந்தையா அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“என்ரை கதை முடிஞ்சுது, டொக்ரர். நான் அடிச்ச சாதி மருந்தைத்தான் இவனும் அடிக்கிறான். இவன்ரை உடம்பும் என்ரை உடம்புதானே. அடிக்கலாமோ, நிப்பாட்டவோ? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா இவனுக்கு நான் சொல்லுவன்.”

சுதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருந்தடிக்காமல் வெங்காயம் வீடு வந்து சேராது, கைக்குழந்தை இருக்கிறது என்று பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான். ஆனாலும் கையை நீட்டி இரத்தம் தந்தான். மூன்றாவதாக, தோட்டப் பக்கமே போகாத ஒரு ஆசிரியரின் இரத்தமும் எடுத்தோம். மூன்று பேரின் கலங்களும் ஒரு வருடத்துக்குப் பிறகு உறைந்து திரும்பி வந்தன.

அவற்றை வளர்த்த மாதங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மின்வெட்டுக் காலம் அது. ஜெனரேற்றருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றிருக்கிறோம். பஸ் இல்லாத நாளில் மீன் லொறியின் முன்னாசனத்தில் ஏறி யாழ்ப்பாணம் போயிருக்கிறேன். ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தபோது டொக்ரர் ஒருமுறை மூக்கைச் சுளித்தார். நுணுக்குக்காட்டியில் முதல் இழை நீண்டதை நான்தான் கண்டேன். ஒரு கலம் மற்றக் கலத்தைத் தேடிக் கை நீட்டியிருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். என் மனிசன் கஞ்சி குடித்துக்கொண்டே, நல்லது, உப்புப் போடு என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் சோதனை தொடங்கியது. ஒவ்வொருவரின் கலங்களிலும் பாதித் தட்டுக்கு மிகக் குறைந்த அளவில் அந்த மருந்து, மற்றப் பாதிக்கு ஒன்றுமில்லை. ஒரு சாயம் விட்டால், கலங்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பும்போது மினுங்கும். அந்த மினுக்கத்தை எண்ணுவதும் இழையின் நீளத்தை அளப்பதும்தான் வேலை. மருந்து பட்டதற்கும் படாததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் கந்தையா அண்ணையின் கேள்விக்குப் பதில் இருந்தது.

அந்த வாரம் மாரி தொடங்கியது. மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எறும்பு சுவரேறும். மீடியாவில் சீனி இருக்கிறது, தட்டுகளை வைத்து வளர்க்கும் இன்கியுபேற்றருக்குள் கதகதப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் யன்னலிலிருந்து இன்கியுபேற்றர் கதவின் றப்பர் வரை சிற்றெறும்பு வரிசை கட்டி நிற்பதைக் கண்டேன். எனக்குப் பதறிவிட்டது. ஒன்று உள்ளே போனாலும் மூன்று மாதமும் பாழ். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்கென்று வாங்கிய, எறும்பு விரட்டும் சோக்குக்கட்டி கைப்பைக்குள் இருந்தது. எடுத்தேன், யன்னல் கட்டில் ஒரு கோடு, மேசையின் நான்கு காலைச் சுற்றியும் கோடு, கடைசியாகக் கதவைத் திறந்து றப்பரின் உள்விளிம்பில் அழுத்தி ஒரு கோடு கீறினேன். எறும்பு அப்படியே நின்றது. கையைக் கழுவிவிட்டு, பதிவுப் புத்தகத்தில் வெப்பநிலையும் நேரமும் எழுதிவிட்டு, சந்தோசமாகப் பஸ் ஏறினேன்.

சோக் கீறியதை நான் எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. கூட்டுவதை எழுதுகிறோமா, மேசை துடைப்பதை எழுதுகிறோமா? வீட்டில் சீனிப் போத்தலுக்குச் செய்கிற வேலை, அதை ஆராய்ச்சி என்று யார் நினைப்பார்?

பதினொரு நாள் அப்படியே போனது. எண்ணிக்கை வந்தது. மூன்று பேரின் கலங்களிலும், மருந்து பட்டவையும் படாதவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. மருந்து படாத தட்டுகளில் மினுக்கம் வழமையை விடக் கூடுதல். டொக்ரர் புருவத்தை நெரித்தார், இந்தத் தொகுதி கொஞ்சம் துடியானதோ என்றார். திரும்பத் திரும்ப எண்ணினார். பிறகு, இந்த அளவில் வித்தியாசம் தெரியவில்லை என்பதைத்தான் சொல்லமுடியும் என்று பென்சிலால் எழுதினார். வியாழக்கிழமை காலை கந்தையா அண்ணைக்கு வரச்சொல்லி இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் வீட்டுக் குசினியில் அதே சோக்கால் சமையல் சாமான் அலுமாரியைச் சுற்றிக் கோடு கீறினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கரப்பான் கோட்டைத் தாண்டி வந்து மல்லாந்து விழுந்தது. ஆறு காலும் துடித்தன. ஓய்வில்லாமல், ஒழுங்கில்லாமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துடித்தன. நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தத் துடிப்பை நான் அந்தக் கிழமை முழுவதும் திரையில் எண்ணியிருந்தேன், மருந்து படாத தட்டுகளில். சோக்கின் பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தேன். எங்கள் தட்டில் விட்ட மருந்தும் இதுவும் ஒரே குடும்பம்.

எல்லாத் தட்டிலும் என் சோக்குத் தூள் பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் உள்ளே போயிருக்கிறது. இரண்டு பக்கமும் நஞ்சு பட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்? மனிசனிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, என்னைப் பற்றிய பயத்தால்தான் சொன்னார், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம், விசாரணை வைத்தால் ஓய்வூதியம் என்னாகும், ஆருக்குத் தெரியப்போகிறது, நாளைக்குப் போய்த் துடைத்துவிடு என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லமாட்டேன். ஈரத்துணி ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் காலையில் போனேன்.

போனபோது கந்தையா அண்ணை ஏற்கனவே வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கோயிலுக்குப் போகிறவர்போல் திருநீறு. சுதன் பக்கத்தில். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். இருங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டொக்ரர் முடிவுகள் இருந்த கோப்பை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி வெளியே வரக் கதவடிக்கு வந்துவிட்டார்.

“டொக்ரர், அவையோடை கதைக்கமுதல் ஒண்டு சொல்லவேணும்.”

நின்றார். எறும்புச் சோக் கீறினேன், மேசையிலும் கதவு றப்பரிலும் என்றேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். முணுமுணுப்பு நின்றது. பதிவுப் புத்தகத்தை எடுத்து அந்த வெள்ளிக்கிழமைக்குத் திருப்பினார்.

“இதிலை இல்லையே.”

“ஓம். எழுதேல்லை.”

“ஏன்?”

“அதை ஒரு வேலையெண்டு நினைக்கேல்லை, டொக்ரர்.”

அவர் கையுறை போட்டு, ஒரு துண்டுத் திசுத்தாளை நனைத்து, றப்பரின் உள்விளிம்பில் ஒருதரம் இழுத்தார். வெள்ளையாக ஒட்டியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் என்னைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. கோப்பை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

“ஐயா, எங்களிலை பிழை. பாத்ததை நம்பேலாது. முழுக்கத் திரும்பச் செய்யவேணும். மூண்டு மாதத்துக்கு மேலை செல்லும்.”

எங்களில் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. என்னில்தான் பிழை, சோக் கீறியது நான் என்று கந்தையா அண்ணைக்குச் சொன்னேன். அவர் தலை ஆடியபடியே என்னைப் பார்த்தார். பிறகு டொக்ரரிடம், அதுவரை இவன் என்ன செய்கிறது என்று கேட்டார். அடிக்காமல் விடுவது நல்லது, ஆனால் அது ஆராய்ச்சி சொல்வதில்லை, நான் சொல்வது என்றார் டொக்ரர். வெங்காயம் மூன்று மாதம் காத்திருக்குமா என்று சுதன் கேட்டான். அவன் தகப்பனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த மாரியில் அவன் மூன்று தடவை அடித்தான் என்று பிறகு அறிந்தேன். ஒவ்வொரு தடவையும் என் கணக்கில்தான் சேர்த்தேன்.

அடுத்த நாள் டொக்ரர் என்னை இருத்தி, வாசல் கேற்றுக்குள் வந்ததிலிருந்து திரும்பிப் போகும்வரை நாங்கள் எல்லாரும் என்னென்ன செய்கிறோம் என்று எழுதச் சொன்னார். எழுத எழுத எனக்கே திகைப்பாக இருந்தது. காவலாளி நடைபாதையில் கொசுவுக்கு நுளம்புத்திரி கொளுத்துகிறார். நாங்கள் நவராத்திரிக்கு நுணுக்குக்காட்டிக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம். என் தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர். டொக்ரர் எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு புத்தகத்தில் அடிமட்டம் வைத்து அந்தக் கடைசி நிரலைக் கீறினார். முதல் வரியை அவரே எழுதினார்: ‘கைக்குட்டையில் ஓடிக்கொலோன் வாசனை — கிறேஸ்.’ தர்சினி, நீ கேட்டதற்குப் பதில் அதுதான். எறும்புக்கு என்ன செய்தோம் என்றால், மேசைக்கால்கள் நான்கையும் பரபின் எண்ணெய் விட்ட கிண்ணங்களுக்குள் வைத்தோம். அதையும் எழுதினேன்.

விசாரணை ஒன்று வைத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, ஒரு சம்பள உயர்வு நின்றது. பரவாயில்லை. இன்கியுபேற்றரைக் கழற்றித் துடைத்து, ஆசிரியரின் கலங்களையே முதலில் வைத்துப் பார்த்தோம். ஒழுங்காக மினுங்கின. பிறகு மற்ற இருவரின் உறைந்த குப்பிகளையும் எடுத்தோம். திரும்ப மூன்று மாதம், திரும்ப ஞாயிற்றுக்கிழமைகள், திரும்ப அந்தத் தேவாரம். இந்தமுறை ஒவ்வொரு துளி விடும்போதும் சுதன் தோட்டத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

இந்தமுறை வித்தியாசம் தெரிந்தது. எண்ணத் தேவையே இருக்கவில்லை, கண்ணுக்கே தெரிந்தது. மருந்து பட்ட தட்டில் ஆசிரியரின் கலங்கள் கொஞ்சம் தடுமாறின. தகப்பனுடையதும் மகனுடையதும் இழை முறிந்து, துண்டு துண்டாய்க் கிடந்தன. டொக்ரர் இரண்டாந்தரமும் செய்வித்துவிட்டுத்தான் அவர்களைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு உள்ளேயே கூட்டிவந்து இருத்தினார். தட்டில் கண்டது இது, உடம்புக்குள் அப்படியே நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், சுதனுக்கு அந்த வருத்தம் வரும் என்றும் சொல்லமாட்டேன், ஆனால் சுதனின் கலங்கள் மற்றவர்களுடையதைப்போல் இந்த நஞ்சைத் தாங்குவதில்லை என்றார். சுதன் காட்டச் சொன்னான். நான் அவனுடைய தட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதலில் மருந்து படாதது, பிறகு பட்டது. இரண்டாவதை நெடுநேரம் பார்த்தான்.

கந்தையா அண்ணை தனக்கும் பார்க்கவேண்டும் என்றார். கதிரையை இழுத்துக் கொடுத்தோம். கண்ணை வைத்தார். தலை ஆடியது, வில்லைக்கும் கண்ணுக்கும் பொருந்தவேயில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, விடுங்கோ என்று எழும்பப் போனார். அப்போது சுதன் பின்னால் வந்து, தகப்பனின் தலையை இரண்டு பக்கமும் கையால் பிடித்து, அசையாமல் வைத்திருந்தான். கந்தையா அண்ணை பார்த்தார். தெரியுது என்றார். ஆருடையது என்று கேட்டார். உங்கடை மகன்ரை என்றேன்.

அவர் எழும்பி, என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, அண்டைக்கு நீர் சொல்லாமல் விட்டிருந்தா, ‘பயப்பிடாமல் அடி மோனை’ எண்டு இவனுக்கு நான்தான் சொல்லியிருப்பன்.”

வாசல்வரை கூடப் போனேன். சுதன் மோட்டார் சைக்கிளில் ஏறி, தகப்பனின் இரண்டு கையையும் இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். தோட்டத்தில் இருக்கும் மருந்துத் தாங்கியை என்ன செய்வது என்று தகப்பனிடம் கேட்டான். விற்கக்கூடாது, வாங்குகிறவனும் ஒருவனுக்குப் பிள்ளைதான், உடைத்துப் போடு என்றார் கந்தையா அண்ணை.